கடைசியாக நன்றாக இருந்த நேரம்

ஏப்ரல் 29, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஜோஸ்பின் மேடம்தான் இந்த நோட்டைப் போடச் சொன்னார். என் வீட்டுக்காரர் நாள் முழுக்க என்ன சொல்கிறார், எதற்காகச் சொன்னதாக எனக்குப் படுகிறது என்று தேதி போட்டு எழுத வேண்டும். புதன்கிழமை வரும்போது வாங்கிப் படித்துப் பார்ப்பார்.

எழுத அதிகம் இருக்காது. ஜனவரியில் பக்கவாதம் வந்த பிறகு இவரிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல். ‘ஆச்சு.’ பசித்தாலும் ஆச்சு, வலித்தாலும் ஆச்சு, வேண்டாம் என்றாலும் ஆச்சு. ராகத்தை வைத்து நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. வலது கையும் காலும் வராது.

இன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கோடை மழை. மருதமலைப் பக்கம் இடி விழுந்திருக்கும் போல. கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. அதோடு டிவிக்குக் கீழே இருந்த பெட்டி செத்துவிட்டது.

பெட்டி என்றால் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். இவர் பம்பு மோட்டார் கம்பெனியில் எலெக்ட்ரிகல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நாலு வருடம் முன்னால் வீட்டுக்கென்று ஒரு சர்வர் வேண்டும் என்று இதை வைத்தார். தொட்டி மோட்டார், கேட் விளக்கு, ஃபேன், எல்லாம் இதன் வழியாகத்தான் ஓடும். மார்ச்சில் இவருக்குக் கீழே வேலை பார்த்த ஹக்கீம் வந்து, கட்டிலை ஒட்டி ஒரு டேப்லெட்டை மாட்டி, அதில் பெரிய படங்களாகப் போட்டுக் கொடுத்தார். இடது கையால் ஃபேன் படத்தைத் தொட்டால் ஃபேன் சுற்றும். மணிப் படத்தைத் தொட்டால் நான் எங்கே இருந்தாலும் என் போன் அடிக்கும்.

சாயங்காலம் முழுவதும் டேப்லெட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தார். திரையில் வட்டம் மட்டும் சுற்றியது. ‘ஆச்சு’ எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

ஏப்ரல் 30, புதன்

மேடம் வந்தார். நோட்டைப் பார்த்தார். “நல்லா எழுதறீங்க, சாந்தாமணி மேடம். ஆனா உங்களைப் பத்தியும் ரெண்டு வரி எழுதுங்க. கூட இருக்கறவங்க எப்படி இருக்காங்கன்னு எனக்குத் தெரியணும்” என்றார்.

நான் நன்றாக இருக்கிறேன். தூக்கம் ஐந்து மணி நேரம்.

மே 2, வெள்ளி

காலையில் இட்லி ஒன்றரை. மத்தியானம் வாயைத் திறக்கவில்லை. டேப்லெட்டைத் துணி போட்டு மூடி வைத்தேன். துணியை இடது கையால் இழுத்து எறிந்துவிட்டார்.

மே 4, ஞாயிறு

ஹக்கீம் வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்.

“மெமரி கார்டு போயிருச்சுங்க டீச்சர். பொட்டிக்கு ஒண்ணும் ஆகல. புதுக் கார்டு போட்டு சிஸ்டத்தை ஏத்திரலாம். ஆனா சார் பண்ணி வெச்ச செட்டிங்ஸ் அத்தனையும் அதுலதானுங்களே இருந்துது.”

“அதையெல்லாம் மறுபடி பண்ண முடியாதா?”

“முப்பத்தேழு சுவிட்ச் இருக்குதுங்க. எது எதோட சேர்ந்ததுன்னு சாருக்குத்தான் தெரியும்.” கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். “பேக்கப் இருக்கும்ங்க. ஞாயித்துக்கெழம காலைல எந்திரிச்சதும் சார் செய்யற மொத வேலையே அதுதான். எடி விழுந்தா அதுவும் சேந்து போயிருமுன்னு, எடுத்து முடிச்சதும் ஹார்ட் டிஸ்கைக் கழட்டி வெச்சிருவாரு. கறுப்புக் கலரு. பாத்தீங்களா?”

“தேடிப் பாக்கறேன்.”

“கெடைச்சா அரை நாள் வேலைங்க. கடைசியா எப்ப நல்லா ஓடிட்டிருந்துச்சோ, அந்த எடத்துக்கே கொண்டுபோயி நிறுத்திரலாம்.”

இவர் பீரோவைப் பார்த்து ‘ஆச்சு, ஆச்சு’ என்றார். கையை நீட்டினார். ஹக்கீம் என்னைப் பார்த்தார். மாத்திரை நேரம் என்று சொன்னேன்.

மே 7, புதன்

மேடம் படப் பலகையைக் கொண்டுவந்தார். வாழைப்பழம், செருப்பு, குடை. எதைக் கேட்டாலும் இவர் டேப்லெட்டைத்தான் காட்டினார். பயிற்சி பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

“போன மாசம் எவ்வளவு முன்னேத்தம் இருந்துச்சு. அவர் தொட்டா ஒண்ணு நடக்குதுங்கறதுதான் அவருக்குப் பேச்சு. அது போனதுல மறுபடியும் வாயை மூடிக்கிட்ட மாதிரி இருக்கு. சீக்கிரம் சரி பண்ணுங்க” என்றார்.

ஹார்ட் டிஸ்க் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மே 9, வெள்ளி

தேடவில்லை.

மே 11, ஞாயிறு

டிஸ்க் கிடைக்கவில்லை என்றதும் ஹக்கீம் புதுக் கார்டில் எல்லாவற்றையும் முதலில் இருந்து ஆரம்பித்தார். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை. ஹால் விளக்கும் ஒரு ஃபேனும் வந்தன. மோட்டார் போட்டால் கேட் விளக்கு எரிந்தது. மணியும் வந்தது, ஆனால் வீட்டுக்குள் இருந்தால்தான் என் போனில் அடிக்கிறது. கேட்டைத் தாண்டினால் சத்தமே இல்லை.

“வெளிய இருந்து வீட்டுக்கு வர்ற வழிய சார் அவரு பேர்ல, அவரு கணக்குல பண்ணி வெச்சிருக்காருங்க. அது பழைய செட்டிங்ஸ்லதான் இருக்கு. டிஸ்க் இல்லாம எனக்கு அது முடியாதுங்க டீச்சர்.”

ஜூன் இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. மருத்துவ விடுப்பு, ஈட்டிய விடுப்பு எல்லாம் தீர்ந்துவிட்டன. பகலில் இவரைப் பார்த்துக்கொள்ள ரங்கநாயகி என்று ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருக்கிறேன். நல்ல மாதிரி. ஆனால் இவர் ‘ஆச்சு’ என்றால் அவருக்கு என்ன புரியும். எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்திக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால்தான் நான் போனில் இவர் ராகத்தைக் கேட்டு அந்த அம்மாவிடம் சொல்ல முடியும், தலையணையை இந்தப் பக்கம் வையுங்கள், தண்ணீர் அல்ல, மோர் கேட்கிறார் என்று.

மே 13, செவ்வாய்

மருந்துக்கடைக்குப் போய் வர முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது இவர் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். நெற்றி கட்டில் கம்பியில் அழுந்தியிருந்தது. இடது கை மட்டும் டேப்லெட்டின் மேல். மணிப் படம் முழுக்க விரல் ரேகை.

தூக்கி உட்கார வைக்க நான் பட்ட பாடு. நெற்றியில் ஒரு அங்குலத்துக்குக் கன்றிப்போயிருக்கிறது. எவ்வளவு நேரம் அப்படித் தொங்கினார் என்று யார் சொல்வது.

மே 14, புதன்

மேடம் நெற்றியைப் பார்த்தார். எப்படி என்று கேட்டார். சொன்னேன்.

சாயங்காலம் ஹக்கீமுக்குப் போன் செய்து, ஹார்ட் டிஸ்க் பீரோவில் இருந்தது என்று சொன்னேன். துணிகளுக்குக் கீழே போய்விட்டிருந்தது, அதனால் கண்ணில் படவில்லை என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. “அல்ஹம்துலில்லாஹ், ஞாயித்துக்கெழம வர்றேனுங்க” என்றார்.

மே 18, ஞாயிறு

ஹாலில் இருக்கும் இவருடைய மேஜைக் கம்ப்யூட்டரில் டிஸ்கைச் சொருகியதும் பாஸ்வேர்ட் கேட்டது. ஹக்கீமுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பிறந்த நாள், கல்யாண நாள், கம்பெனி டோக்கன் நம்பர், எல்லாம் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் திரை லேசாக ஆடி, மறுபடி கேட்டது.

ஹக்கீம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“சார், பாஸ்வேர்ட் வேணுங்க சார். ஒவ்வொரு எழுத்தா நான் சொல்றேன். சரியா வந்தா என் கையை அமுக்குங்க.”

ஏ என்றதும் அமுக்கினார். பி என்றதும் அமுக்கினார். சி-க்கும் அமுக்கினார். இவருக்குத் தெரியும் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே இருப்பதை வெளியே எடுக்கத்தான் வழி இல்லை. பதினோராவது எழுத்தில் ஹக்கீமின் கையைத் தட்டிவிட்டு அழுதார். ஹக்கீம் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

எனக்கு, உண்மையைச் சொன்னால், பாரம் இறங்கினாற்போல் இருந்தது. ஏன் என்று எழுதப்போவதில்லை.

மே 21, புதன்

ஜோஸ்பின் மேடத்திடம் பாஸ்வேர்ட் விஷயத்தைச் சொன்னேன்.

“தினமும் டைப் பண்ணுவாரா?”

“வாரா வாரம். நாலு வருஷமா.”

“ரெண்டு கையிலயுமா?”

“ஆமாங்க. கீபோர்டைப் பாக்காமலே அடிப்பாரு.”

“அப்ப கைக்கு ஞாபகம் இருக்கலாம். கேள்வி எதுவும் கேக்காதீங்க. சும்மா கீபோர்டை மடியில வைங்க.”

வைத்தேன். கம்ப்யூட்டரில் பாஸ்வேர்ட் கேட்கும் திரையைப் போட்டு எதிரே திருப்பினோம். இவர் பார்த்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு இடது கை தானாக எழுந்து கீபோர்டின் மேல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு எழுத்து அடித்தது. நின்றது. அப்போது வலது தோள் துடித்தது. மறுபடி இடது கை ஒன்று. மறுபடி தோள். மடியில் கிடந்த வலது கை அசையவே இல்லை.

மேடம் என் கையில் பேனாவைக் கொடுத்தார். நின்ற இடத்திலெல்லாம் கோடு போட்டு எழுதினேன்.

டி, கோடு, 3, கோடு, ஏ, கோடு, 4, கோடு, 1, கோடு.

மூன்று தடவை அடிக்க வைத்தோம். மூன்று தடவையும் அதேதான்.

மே 22, வியாழன்

அந்தக் காகிதத்தைச் சமையலறையில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தாறு வருடமாகக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிப் பிள்ளைகளை வதைத்தவள் நான்.

மத்தியானம் அரிசி களையும்போது தெரிந்தது. டிஎன் 37. வண்டி நம்பர். கல்யாணமான புதிதில் வைத்திருந்த ஸ்கூட்டர். ஏ-க்கு அடுத்தது கே, அது நினைவிருக்கிறது. மீதி இரண்டு இலக்கம் நினைவில்லை. வண்டியை விற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது.

ஆனால் இரண்டும் வலது கை அடிக்க வேண்டியவை. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பூஜ்யம். ஐந்தைந்து இருபத்தைந்து.

வரிசையாக எழுதி வைத்து அடித்தேன். பதினேழாவது திறந்தது.

இவர் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஆச்சு’ என்று ஒரு தடவை, மெதுவாக. ஜனவரிக்குப் பிறகு இவர் சிரித்து நான் பார்த்தது இன்றுதான்.

திரையில் கோப்புகள் வரிசையாக வந்தன. மேலே இருந்ததை நான் பார்க்கவில்லை. மூடிவிட்டேன்.

மே 25, ஞாயிறு

ஹக்கீம் பத்து மணிக்கு வந்தார். இவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன், பார்க்கட்டும் என்று. டிஸ்க் திறந்தது. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதியும் நேரமும் இருந்தன.

“இதுதான் கடைசிங்க” என்று ஹக்கீம் மேலே இருந்ததைத் தொட்டார். “ஜனவரி பத்தொம்பது. காலைல அஞ்சு மணி ஆறு…”

அதோடு நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்குத் தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர் ஹக்கீம். டாக்டர் என்னைக் கேட்டபோது பக்கத்தில் நின்றவர்.

பிறகு அவர் என்னைப் பார்க்காமல், “டீச்சர், அதுக்கு முந்தின வாரத்தது ஒண்ணு இருக்குதுங்க. அதைப் போட்டுக்கலாமா? எல்லாம் ஒண்ணுதான், ஒரு வித்தியாசமும் இருக்காது” என்றார்.

“கடைசியா எடுத்ததையே போடுங்க” என்றேன்.

நாற்பது நிமிடம் ஓடியது. திரையில் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. இவர் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் வீட்டில் ஒவ்வொன்றாக உயிர் வந்தது. ஹால் விளக்கு, ஃபேன், கேட் விளக்கு, பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். ஹக்கீம் கைகூப்பி, “சார், எல்லாம் வந்திருச்சுங்க சார்” என்றார்.

இவர் இடது கையை நாற்காலியில் தட்டி, “ஆச்சு” என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

அலமாரிக்கு மேலே இருந்த ஸ்பீக்கர் பேசியது. “மன்னிக்கவும், புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள்.”

குரல் வசதி ஜனவரியில் இருந்தது. இவர் சொன்னால் கேட்கும், பதிலும் சொல்லும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நான்தான் அதை நிறுத்தச் சொன்னேன். பழைய செட்டிங்ஸ் வந்ததும் அதுவும் கூடவே வந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

“ஆச்சு.”

“மன்னிக்கவும், புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள்.”

இவர் முகம் மாறியது. கத்த ஆரம்பித்தார். கத்தக் கத்த அது அதே குரலில் மன்னிப்புக் கேட்டது. ஹக்கீம் கம்ப்யூட்டரில் எங்கே நிறுத்துவது என்று தேடிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி வயரைப் பிடுங்கினேன். ஸ்பீக்கர் கீழே விழுந்து உடைந்தது.

இறங்கியபோது இவர் கத்துவதை நிறுத்தியிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 26, திங்கள்

இந்த நோட்டை இனிமேல் மேடத்திடம் காட்ட முடியாது. அவருக்கு வேறு ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

ஜனவரி பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, எங்களுக்குள் சண்டை. பெரிய விஷயம் இல்லை. நான் டியூஷன் முடித்து வந்தபோது கேட் திறக்கவில்லை. இவர் பெட்டியில் எதையோ மாற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். அரை மணி நேரம் தெருவில் நின்றேன். வந்ததும் கேட்டேன். “இந்த வீட்ல சுவிட்ச் கூட நீங்க சொன்னாத்தான் கேக்கணுமா” என்றேன். பேசாமல் ஹாலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, “விளக்கு போடு” என்று பெட்டிக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. தெளிவாகத்தான் சொன்னார். அது, “சரி” என்றது. கீபோர்டு தட்டும் சத்தம். நான் படுக்கையறையில் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கால் மணி கழிந்திருக்கும். பெட்டி, “மன்னிக்கவும், புரியவில்லை” என்றது. மறுபடி சொன்னது. மறுபடி. நடுவில் இவர் குரல், என்ன சொல்கிறார் என்று தெரியாமல். காலங்காத்தாலே அதோடு விளையாடுகிறார், என்னை எழுப்பி வம்பிழுக்கத்தான் என்று நினைத்துப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். பிறகு சத்தம் நின்றது. ஆறரைக்குக் காபி போட எழுந்து வந்தேன். திவானில் முதுகு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

ஏழே காலுக்கு ஆஸ்பத்திரி. டாக்டர், “கடைசியா எப்பம்மா நல்லா இருந்தாரு?” என்று கேட்டார்.

“ராத்திரி பத்து மணிக்கு, படுக்கப் போனப்ப.”

கேட்டும் எழுந்து வரவில்லை என்று எப்படிச் சொல்வது. அந்த நேரத்தில் அதுதான் என் மனதில் இருந்தது. என்னைப் பற்றித்தான் நினைத்தேன். டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம், அப்படியானால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது, நாலரை மணி நேரத்துக்குள் என்றால்தான் போடலாம் என்றார். என் காதுபடத்தான் சொன்னார். ஐந்தேகாலிலிருந்து ஏழேகால் வரை இரண்டு மணி நேரம். இது எட்டாம் வகுப்புக் கணக்குக் கூட இல்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் அணையாமல் இருந்தது. பேக்கப் முடிந்தது என்று நேரத்தோடு திரையில் இருந்தது, ஐந்து மணிக்கு இவர் நன்றாக இருந்தார் என்பதற்குச் சாட்சியாக. டிஸ்கைப் பிடுங்கி, இவர் வழக்கமாக வைக்கும் பீரோவிலேயே துணிக்கு அடியில் வைத்தது நான்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது இவருக்கு நினைவு இருந்ததா, நான் சொன்னது காதில் விழுந்ததா, இதுவரை எனக்குத் தெரியாது.

மே 28, புதன்

மேடம் போன பிறகு சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையைப் பிடித்துக்கொண்டு.

“அன்னிக்கு அஞ்சு மணிக்கு நான் முழிச்சுட்டுத்தாங்க இருந்தேன். நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. அந்தப் பொட்டி புரியல புரியலன்னு சொன்னது அத்தனையும் கேட்டுச்சு. டாக்டர்கிட்ட ராத்திரி பத்து மணின்னு பொய் சொல்லிட்டேன். அஞ்சு மணின்னு சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பாங்க.”

கேட்டுக்கொண்டிருந்தார். முழுவதும் புரிந்தது. கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஒரு சொல்லைக்கூட. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மே 29, வியாழன்

நான் ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை. வேலை பழக வந்த ரங்கநாயகி ஊட்டினார். இரண்டு தோசை சாப்பிட்டார்.

“ஏனுங் டீச்சர், நல்லாத்தானுங்களே சாப்பிடறாரு” என்றார் ரங்கநாயகி.

மே 30, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பன்னிரண்டாம் தேதி பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்கு டாக்டரிடம் சரியான நேரத்தைச் சொல்வேன். இப்போது சொல்லி என்ன பயன் என்று கேட்பார். எனக்கும் தெரியவில்லை. அவர்கள் தாளில் ராத்திரி பத்து மணி என்று என் வாயால் சொன்னது இருக்கிறது. அது அப்படியே இருக்கக் கூடாது.

ஜூன் 1, ஞாயிறு

ஹக்கீம் வந்து டேப்லெட்டில் படங்களை மறுபடி போட்டுக் கொடுத்தார். குரல் வசதியை அடியோடு எடுத்துவிட்டார். கேட்டைத் தாண்டி, மெயின் ரோடு பேக்கரி வரை போய் நின்று சோதித்தேன். ஹக்கீம் மணிப் படத்தை அமுக்கினார். போன் அடித்தது.

புதிதாக ஒரு பேக்கப்பும் எடுத்து, டிஸ்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல, ஹக்கீம்” என்றேன்.

“நேரத்தைப் பாத்தேனுங்க டீச்சர்.”

“ஒண்ணுமே கேக்கலையே நீங்க.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். “நான் என்னத்தைங்க கேக்கறது. வாரா வாரம் வர்றனுங்க. பேக்கப் எடுக்கோணும்ல.”

ஜூன் 2, திங்கள்

எட்டு மணிக்குக் கிளம்பினேன். டேப்லெட்டை இவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, “எது வேணும்னாலும் இதைத் தொடுங்க, நான் எடுப்பேன்” என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் பழையபடிதான். புதிய தலைமையாசிரியை. எட்டாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். போனைச் சத்தத்தோடு மேஜை மேல் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன். முதல் பிரிவேளையில் அடிக்கவில்லை. இரண்டாவதில் அடிக்கவில்லை. இடைவேளையில் ரங்கநாயகிக்குப் போன் போட்டேன். நன்றாக இருக்கிறார், மோர் குடித்தார் என்றார். மத்தியானமும் அடிக்கவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று பக்கத்து டீச்சரைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். அடித்தது.

நாலரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோதே வாடை வந்தது. மூன்று மணிக்கு மேல் ரங்கநாயகி பின்பக்கம் துணி துவைக்கப் போயிருக்கிறார். இவர் படுக்கை முழுக்க நனைந்து, ஈரத்திலேயே கிடந்தார். முதுகு சிவந்திருந்தது. ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

டேப்லெட் வைத்த இடத்திலேயே இருந்தது. இடது கைக்கு ஒரு சாண் தூரம். மணிப் படத்தை நான் அமுக்கினேன். என் கைப்பையில் போன் அடித்தது. நிறுத்தும் வரை அடித்தது. இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரங்கநாயகி பயந்துபோய், “ஒரு சத்தம் குடுத்திருந்தாக்கூட ஓடி வந்திருப்பேனுங்க டீச்சர். வாயே தொறக்கலீங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை என்றேன்.

விரிப்பை மாற்றினேன். வெந்நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்தேன். புரட்டும்போது என்னைத் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பவுடர் போட்டு, புது வேட்டி சுற்றி, டேப்லெட்டை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

நாளை முதல் ஒவ்வொரு பிரிவேளை முடிந்ததும் நானே கூப்பிடுவதாக ரங்கநாயகியிடம் சொல்லியிருக்கிறேன். போனை எடுத்து இவர் காதில் வைத்தால் போதும். இவர் பேச வேண்டாம். அந்த வகுப்பில் என்ன கணக்கு நடத்தினேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.